பிள்ளைக்காம்பிராவின் வாசலில்

ஹந்தானை மலையடிவாரத்திற் பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அம்மலைத்தொடரின் ஏனைய சரிவுகளிலே தேயிலையும் லயங்களும். இரண்டிற்குமிடையே உள்ள தூரம் சிறிதே. எனினும் மாணவர் பலர் தமது பட்டப்படிப்புக் காலம் முழுவதிலும் அத்தூரத்தை ஒருமுறையேனும் கடப்பதில்லை.

கடந்து சென்றோருள் ஐவரைப் பற்றியது இக்கட்டுரை. கலைப்பீடத்தைச் சேர்ந்த அவர்கள் ஞாயிறுதோறும் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில் வகுப்பு நடத்தினர். தாய்மார் பெரட்டுக்குச் செல்லுமுன் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. சிறுவர் அபிவிருத்தி நிலையம் என இன்று பெயர்ப்பலகை கூறினும், லயத்தார் வாயில் பழைய பெயரே நிலைத்துள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது பூட்டியிருக்கும். திறப்பை ஆயம்மா கொண்டுவந்து கொடுப்பார்.

ஐவரும் ஒழுங்கை விரும்பினர். ஆறு வயதிற்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடுவதில்லையென விதித்தனர்; சிறிசுகள் அழுதால் பாடம் குழம்பும் என்பது காரணம். வரவுப் பதிவேடும் வைத்திருந்தனர். அப்பதிவேட்டில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயருக்கெதிரே தொடர்ந்து 'வரவில்லை' என்றே எழுதப்பட்டது. உண்மையில் அவள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் ஏந்தியவாறு வாசலில் நின்றாள்.

அவளுடைய தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண். ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் அவ்வாறு செல்வதற்கு முன்னர் தடையிருந்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. அதன் பொருட்டு மூன்று வயதுப் பிள்ளை ஒன்பது வயதுப் பிள்ளையின் இடுப்பிலேறியது. தந்தை கொழும்பிற் கடைச் சிப்பந்தி. பெயர்ப்பதிவிலிருந்து ஓய்வுபெற்ற பாட்டி ஞாயிறுகளிற் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கச் செல்வாள்.

கண்டியில் இத்தகைய பணிக்கு ஒரு முன்வரலாறு உண்டு. யேசுசபைத் துறவியான போல் காஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் அங்கு சத்தியோதயம் என்னும் நிலையத்தை ஆரம்பித்தார். சிங்களவரும் தமிழரும் அங்கு சேர்ந்து உழைத்தனர்; தோட்டத்தையும் அயற்கிராமத்தையும் அவர்கள் ஒருங்கே நோக்கினர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களின் பிள்ளைகளே அன்றைய லயங்களில் வளர்ந்தனர். குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. லயத்தின் ஒற்றையறை தீரவில்லை.

பரீட்சைக் காலத்தில் ஐவரும் ஆறு வாரங்கள் தோட்டப்பக்கம் செல்லவில்லை. மீண்டும் வண்ணப் பென்சில்களுடன் சென்றபோது ஆயம்மா திறப்பை உடனே நீட்டவில்லை.

"நீங்க வராத ஞாயித்துக்கெழமையும் இந்தப் புள்ளைக ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சுக, தம்பி. வர முடியாதுன்னா முன்னுக்கே சொல்லிட்டுப் போங்க. அதுகளுக்கு ஏமாந்து பழக்கந்தான். நீங்களும் பழக்கவேணாம்."

அவர் கோபமாகப் பேசவில்லை. ஐவருள் ஒருவரேனும் பதில் கூறவுமில்லை. பென்சில்கள் அன்று பையிலேயே கிடந்தன.

அதன்பின் சில மாற்றங்கள் நிகழ்ந்தன, பெரியன அல்ல. வயது விதி நீங்கியது. முறைவைத்து ஒருவர் வெளித்திண்ணையிற் சிறிசுகளைப் பார்த்துக்கொள்வதென முடிவாயிற்று. புகைப்படம் எடுப்பது நின்றது. லயத்திலேயே வளர்ந்து, சாதாரண தரப் பரீட்சை எழுதியிருந்த யுவதியொருத்தி ஐவரோடு சேர்ந்து கற்பிக்கத் தொடங்கினாள்; அடுத்த பரீட்சைக் காலத்தில் வகுப்பு அவளாலேயே நடந்தது. உள்ளதைச் சொன்னால், சிறுவர்க்குச் கணக்கைப் புரியவைப்பதில் அவள் பட்டதாரி மாணவரை விஞ்சினாள். அவளுக்கு ஊதியம் எங்கிருந்து பெறுவது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் விடையில்லை.

திண்ணை முறை தொடங்கிய முதல் ஞாயிறன்று, இறுதியாண்டு மாணவனொருவன் கையை நீட்டினான். சிறுமி அவனைச் சற்றுநேரம் பார்த்தாள். "ரொம்ப நேரம் தூக்குனா கை கடுக்கும், மாத்தி வச்சுக்கங்க" என்று கூறித் தம்பியை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே சென்றாள்.