ஆணியில் குத்திய தாள்

உடன்குடி பஜாரில் எனக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவரின் கருப்பட்டிக் கடை இருக்கிறது. கல்லாவுக்கு மேலே தினசரி காலண்டர் தொங்கும். காலையில் கடை திறந்ததும் சாம்பிராணி போட்டுவிட்டு முந்தைய நாள் தாளைக் கிழிப்பார். கிழித்த தாள் சில்லுக்கருப்பட்டி மடிக்கவோ கணக்குப் போடவோ போய்விடும். ஒரே ஒரு தாளை மட்டும் காலண்டருக்குப் பக்கத்தில் தனி ஆணியில் குத்தி வைத்திருக்கிறார். 2024 பிப்ரவரி 28, புதன்கிழமை, மாசி 16.

"இத மட்டும் ஏன் அண்ணாச்சி தூரப் போடாம வச்சிருக்கிய?"

"அன்னைக்குத்தான தம்பி நம்ம குலசையில ராக்கெட் தளத்துக்குக் கல்லு போட்டது. அதத் தூரப் போடவா சொல்லுதிய?"

உடன்குடியிலிருந்து குலசேகரன்பட்டினம் கூப்பிடு தூரம். அந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது. தூத்துக்குடி விழாவில் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். அன்றே குலசைக் கரையிலிருந்து ரோகிணி ஆய்வு ராக்கெட் ஒன்றும் மேலே போனது. தாளை உற்றுப் பார்த்தபோதுதான், ராகுகாலம், எமகண்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த மற்றொன்று கண்ணில் பட்டது: தேசிய அறிவியல் தினம்.

இந்த நாளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அதே தேதியில் வேறு என்னவெல்லாம் நடந்திருக்கிறது? வீடு வந்த பிறகும் கேள்வி விடவில்லை. சில மாதங்கள் நூலகத்திலும் பழைய புத்தகங்களிலும் அந்த ஒரு தேதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் விடை சுலபமாகக் கிடைத்தது. 1928 பிப்ரவரி 28, செவ்வாய்க்கிழமை. கல்கத்தா பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், சர் சி.வி. ராமனும் அவருடைய மாணவர் கே.எஸ். கிருஷ்ணனும் ராமன் விளைவைக் கண்ட நாள். ராமன் திருச்சி திருவானைக்காவலில் பிறந்தவர். கிருஷ்ணன் நம் தென்சீமைக்காரர், வத்திராயிருப்பில் பிறந்தவர். 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1986இல் இந்திய அரசு இந்த நாளை அறிவியல் தினமாக ஏற்றது. 1987இல் முதன்முதலாகக் கொண்டாடினார்கள்.

இவ்வளவுதானே என்று புத்தகத்தை மூடப் போனேன். அப்போது ஒரு தேதி உறுத்தியது. இந்தக் கண்டுபிடிப்பைச் சொல்லும் முதல் குறிப்பை ராமனும் கிருஷ்ணனும் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய தேதி பிப்ரவரி 16. அது அச்சில் வந்தது மார்ச் 31. அந்த விளைவை அவர்கள் 16ஆம் தேதிக்கு முன்பே பார்த்துவிட்டார்கள் என்றால், 28க்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு?

அதற்கு விடை தேடியபோது ஆய்வுக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போக வேண்டியதாயிற்று. 1921இல் ராமன் இங்கிலாந்து போய்விட்டு நர்குண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலமே கடலில் தெரிகிறது என்பது அன்றைக்குப் பெரியவர்கள் சொல்லிவைத்த விளக்கம். ராமன் தன்னிடமிருந்த ஒரு பட்டகத்தைக் கண்ணருகே பிடித்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மங்கவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடித்து நீலம் காட்டுகிறது என்று அவருக்குப் பட்டது. பம்பாய்த் துறைமுகத்தில் இறங்குவதற்குள் இதைக் கடிதமாக எழுதிவிட்டார். எங்கள் பக்கத்து மணப்பாட்டுக் குன்றின் மேல் நின்று கடலைப் பார்க்கிற ஒவ்வொருவரும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. ராமன் அந்தக் கேள்வியை ஏழு வருடம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரவங்களில் ஒளி சிதறும்போது பெரும்பகுதி போன நிறத்திலேயே திரும்பி வரும். மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வரும். அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும், மனிதருக்கு மனிதர் கைரேகை வேறுபடுவதைப் போல. பிப்ரவரி 16க்கு முன் அவர்கள் அந்த மங்கலான ஒளியைக் கண்ணாடி வடிகட்டிகள் வழியாகப் பார்த்து, நிறம் மாறியிருக்கிறது என்ற அளவுக்குத் தெரிந்துகொண்டார்கள். 28 அன்று கிருஷ்ணன் பிற்பகலில்தான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். நிறமாலை காட்டும் கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்தபோது, போன ஒளி ஒரு பக்கம், மாறிய ஒளி மறுபக்கம், நடுவில் ஓர் இருட்டு இடைவெளி. அந்த இடைவெளிதான் உறுதிச் சான்று. மறுநாள் பிப்ரவரி 29, செய்தி பத்திரிகைகளுக்குப் போனது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பிப்ரவரி 5 முதல் 28 வரை கிருஷ்ணன் நாட்குறிப்பு எழுதினார். எந்த நாள் என்ன பார்த்தோம், யார் வந்தார்கள், பேராசிரியர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் என்ற இரு அறிவியலாளர்கள் படிகங்களில் இதே விளைவைக் கண்டார்கள். ஆனால் உலகத்துக்குச் சொல்வதில் அவர்கள் பின்தங்கிவிட்டார்கள். தேதியோடு எழுதி, எழுதியதை உடனே வெளியிட்டதால்தான் அது ராமன் விளைவு ஆனது.

முத்துக்கரைக்காரனான எனக்கு இதில் இன்னொரு மகிழ்ச்சியும் கிடைத்தது. பின்னாளில் ராமன் சிப்பி ஓட்டின் வண்ணத்தையும் முத்தின் ஒளிர்வையும் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார். இன்று ஒரு முத்தின் நிறம் இயற்கையானதா, சாயம் ஏற்றியதா என்று கண்டுபிடிக்க அவர் பெயரிலான நிறமாலை முறையையும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துகிறார்கள்.

தேடலின் அடுத்த படியில் 1935 வந்தது. அந்த வருட பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானை முதன்முதலாக உருவாக்கினார்கள். இதைப் படித்த மறுநாள் மணப்பாடு போனேன். மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பழைய வலைகளைப் பற்றிக் கேட்டேன்.

"அப்பமெல்லாம் பருத்தி நூல் வலை. கரைக்கு வந்ததும் காயப் போடணும். மறந்து போச்சுன்னா இத்துப்போகும். நைலான் வந்த பொறவுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம்" என்றார்.

பருத்தி வலை மக்காமலிருக்கப் பனிச்சங்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்த காலம் அது. நைலான் நூல் இந்தக் கரையின் உழைப்பையே மாற்றிவிட்டது. அறுந்து கடலுக்குள் போன நைலான் வலை மக்காமல் கிடந்து ஆமைகளையும் மீன்களையும் சிக்கவைப்பதும் உண்மைதான். கரோதர்ஸ் இது எதையும் பார்க்கவில்லை. மன நோயோடு போராடிய அவர் 1937 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நைலான் என்ற பெயரை உலகம் கேட்டது 1938இல்.

1953 பிப்ரவரி 28 கேம்பிரிட்ஜுக்கு உரியது. ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தை அன்று பிடித்தார்கள். ஈகிள் என்ற மதுக்கடையில் மதிய நேரத்தில் கிரிக் அதை உரக்கச் சொன்னதாக வாட்சன் பின்னாளில் எழுதினார். அவர்களுக்கு வழிகாட்டிய எக்ஸ் கதிர்ப் படம் லண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளின் ஆய்வுக்கூடத்தில் 1952இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. தேதி இருவர் பெயரில் நிற்கிறது. அந்தப் பெண்ணின் பெயரை உலகம் வெகுகாலம் கழித்துத்தான் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகத்தில், ராமனிடம் படித்த ஜி.என். ராமச்சந்திரன், தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்துக்கு முச்சுருள் வடிவம் சொன்னார். அதற்கு எந்தக் காலண்டரிலும் நாள் இல்லை.

இந்தத் தேதியில் நாட்டு வரலாறும் இருக்கிறது. 1948 பிப்ரவரி 28 அன்று பம்பாய் 'கேட்வே ஆஃப் இந்தியா' வளைவின் கீழே நடந்து, சாமர்செட் படைப்பிரிவு கப்பலேறியது. சுதந்திர இந்தியாவை விட்டுப் போன கடைசி பிரிட்டிஷ் படை அது. படித்ததும் எனக்கு வ.உ.சி. நினைவு வந்தது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ கப்பல்களைத் தூத்துக்குடிக் கடலில் ஓடவிட்டவர். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போகிற நாளைப் பார்க்காமல் 1936இலேயே மறைந்துவிட்டார். 1963 பிப்ரவரி 28 அன்று முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பாட்னாவில் காலமானார்.

இவ்வளவும் குறித்து வைத்த பிறகு, தேடலை ஊருக்குத் திருப்பினேன். 2024க்கு முன் ஏதாவது ஒரு பிப்ரவரி 28 அன்று உடன்குடியில் என்ன நடந்தது? இங்கேதான் சுவரில் முட்டி நின்றேன்.

நம் கரையில் நாள் பார்க்கும் வழிகள் பல. மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா செப்டம்பர் 14. தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்கு ஆகஸ்ட் 5. அவை ஆங்கிலத் தேதியில் நிலைத்தவை. குலசை முத்தாரம்மன் தசரா திதியைப் பார்த்து வரும். திருச்செந்தூர் மாசித் திருவிழாவும் அப்படியே, ஒரு வருடம் முன்னே வரும், ஒரு வருடம் பின்னே போகும். காயல்பட்டினமும் உடன்குடியின் பள்ளிவாசல் தெருக்களும் பிறை பார்த்து ஹிஜ்ரி கணக்கில் நாளைக் கொண்டாடும். நெல்லைச் சீமையின் பழைய ஓலைகளிலோ கொல்லம் ஆண்டு இருக்கும். அந்தக் கணக்கில் அண்ணாச்சியின் தாள் 1199ஆம் ஆண்டு மாசி. சாமிக்கு உரிய நாளை நாம் ஒருபோதும் தவறவிட்டதில்லை. மனிதரின் வேலைக்கு உரிய நாளைத்தான் எழுதாமல் விட்டுவிட்டோம்.

பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சும் விடிலி போட்டிருக்கும் பாட்டையா ஒருவரிடம் போனேன். தாச்சியில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. முதன்முதலில் பனை ஏறியது எந்த நாள் என்று கேட்டேன்.

"நாளு தெரியாது பேரப்புள்ள. மாசி கடைசியில பாளை வந்துச்சு, எங்க ஐயா ஏறச் சொன்னாரு, ஏறினேன்."

அவர் சொன்னதில் குறை எதுவும் இல்லை. பாளை வரும் பருவம் அவருக்குப் பஞ்சாங்கம். ஆனால் இதே கரையில் முத்துக்குளிப்பு எந்த வருடம் நடந்தது, எவ்வளவு சிப்பி வந்தது என்று போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் எழுதிவைத்திருக்கிறார்கள். வருமானம் வந்த இடத்தில் கணக்கு இருந்தது. உடன்குடிக் கருப்பட்டியை உலகுக்குத் தந்த பனையேறிகளில் யார் முதலில் சுண்ணாம்பு தடவிய கலயத்தைப் பாளையில் கட்டினார், எந்தத் தாய் முதல் கருப்பட்டியைச் சிரட்டையில் ஊற்றினாள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. புவிசார் குறியீடு வாங்கிய பொருளுக்குப் பிறந்தநாள் இல்லை.

குலசையில் அந்த நிலை வரக்கூடாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போகவேண்டும். அதற்கே எரிபொருள் செலவாகிவிடும். சிறிய ராக்கெட்டுக்கு அந்தச் செலவு தாங்காது. குலசைக்குத் தெற்கே அண்டார்டிகா வரை தண்ணீர். அதனால்தான் 500 கிலோ வரை சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சிப் பக்கத்தில் 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் போயிருக்கிறது. அங்கே நின்ற பனைகளும் தேரி மணலும் யாருடைய நினைவில் இருக்கின்றனவோ, அவர்கள் இருக்கும்போதே அது எழுதப்படவேண்டும். ராக்கெட் ஏவிய நாளை அரசாங்கம் எழுதிக்கொள்ளும். பனை வெட்டிய நாளை நாம்தான் எழுதவேண்டும்.

ஒரு தேதி தானாகப் பெருமை பெறுவதில்லை. அன்றைக்கு அங்கிருந்த யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியதால் பெறுகிறது. பிப்ரவரி 28 எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். கிருஷ்ணன் எழுதியிருக்காவிட்டால் அந்தப் பிற்பகல் நமக்கு இல்லை.

போன வாரம் அண்ணாச்சி கடைக்குப் போய் இதைச் சொன்னேன். ஆணியிலிருந்து தாளை எடுத்து என்னிடமே பேனாவையும் நீட்டினார். "நீங்களே எழுதிருங்க தம்பி" என்றார். தாளின் பின்பக்கம் அவர் கடையில் அன்று கருப்பட்டி என்ன விலை, ராக்கெட் போவதை எங்கே நின்று பார்த்தார், கூட யார் இருந்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

உங்கள் வீட்டிலும் தினசரி காலண்டர் இருக்கும். நாளைக் காலை தாளைக் கிழித்ததும் கசக்கிவிடாதீர்கள். அதன் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவரைக் கேட்டு இரண்டு வரி எழுதி வையுங்கள்.