தேடுகிறவருக்கு எழுத்து, தேடாதவருக்குப் படம்

விளைந்ததை நேரடியாக விற்கலாம் என்று கிளம்பி, ஆன்லைனில் விளம்பரம் கொடுக்க நினைக்கிற விவசாயிகள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "படம் போட்டுக் கொடுப்பதா, எழுத்து விளம்பரம் போதுமா?" குடியாத்தம் வட்டத்தில், பரதராமி பக்கம் எனக்கு 2 ஏக்கர் மாந்தோப்பு. பாதி பங்கனப்பள்ளி, பாதி பெங்களூரா. இரண்டு வகை விளம்பரத்துக்கும் கைப்பணத்தைப் போட்டுப் பார்த்தவன் என்பதால், எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

இந்தத் தேவை ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரா என்று நாம் சொல்லும் கிளிமூக்கு மாங்காய்க்கு ஆந்திராவில் தோத்தாபுரி என்று பெயர். பெரும்பாலும் கூழ்த் தொழிற்சாலைக்குப் போகும் காய். எங்கள் பக்கத்தில் எல்லை தாண்டினால் சித்தூர். அங்கேதான் தொழிற்சாலைகள் அதிகம். 2025-ல் அங்குள்ள விவசாயிகளுக்கே விலை கிடைக்கவில்லை. ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் தன் பங்காகக் கொடுக்க வேண்டிவந்தது. அந்த ஜூன் மாதத்தில் வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரவும் தடை வந்தது. ஒரே பக்கம் வாசல் வைத்த வீட்டில், அந்த வாசலும் அடைத்தால் என்ன செய்வது? பழம் மரத்தில் காத்திருக்காது. சென்னை, பெங்களூரு வீடுகளுக்கு நேராக அனுப்பும் இன்னொரு வழியும் கையில் இருக்க வேண்டும்.

தீப்பெட்டியும் கைலியும்

படமா எழுத்தா என்ற கேள்விக்கு எங்கள் ஊரிலேயே பழைய பதில் இருக்கிறது. குடியாத்தம் தீப்பெட்டிக்கும் பெயர் பெற்றது, கைத்தறிக் கைலிக்கும் பெயர் பெற்றது. தீப்பெட்டிகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. கடையில் அடுக்கி வைத்தால் கண்ணில் படுவது மேலே ஒட்டிய படம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கிவிடுவார். கைலி அப்படியில்லை. கைலி வேண்டும் என்று முடிவு செய்து வருகிறவருக்கு, 'குடியாத்தம்' என்ற ஊர்ப் பெயரே போதும்.

ஆன்லைன் விளம்பரமும் இதே கணக்குதான். ஒரு பொருள் தனக்கு வேண்டும் என்று தெரிந்து, அதன் பெயரைத் தட்டித் தேடுகிறவருக்கு எழுத்து. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், அல்லது மறந்துபோய், வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பவரை நிறுத்துவதற்குப் படம்.

எழுத்து விளம்பரம்

கூகுளில் தேடும்போது மேலே 'Sponsored' என்ற குறிப்போடு வருமே, அதுதான். 2000-ல் தொடங்கியது, 2018 முதல் தமிழிலும் கொடுக்கலாம். யாராவது தட்டி உள்ளே வந்தால்தான் பணம். ஒரு தலைப்புக்கு 30 எழுத்து இடம், விளக்கத்துக்கு 90 இடம். அலங்காரத்துக்கு அதில் இடம் கிடையாது. 'பங்கனப்பள்ளி 5 கிலோ', 'சென்னைக்கு வீட்டு டெலிவரி' என்று பொருளும் அளவும் ஊரும் இருந்தால் போதும்.

இங்கே பணம் வீணாகாமல் இருக்க நான்கு இடங்களைக் கவனியுங்கள்.

1. வேண்டாத சொற்களை விலக்குங்கள். 'மாங்கன்று', 'மாம்பழ ஜூஸ் செய்வது எப்படி' என்று தேடுகிறவர் பழம் வாங்க வரவில்லை. அந்தச் சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

2. நிறையப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். தேடல் சொற்களை இரண்டு எழுத்திலும் கொடுங்கள்.

3. இடம் குறிக்கும்போது, 'அந்த ஊரில் இருப்பவர்கள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றாமல் விட்டால், அந்த ஊர் மீது ஆர்வம் காட்டிய வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரம் போகும்.

4. தேடலுக்கான விளம்பரத்தை மற்ற தளங்களிலும் காட்டலாம் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

பங்கனப்பள்ளிக்கு எனக்கு எழுத்துதான் கைகொடுத்தது. அழைப்புகள் குறைவு. ஆனால் பேசியவர்கள், "எப்போது வந்து சேரும்?" என்றுதான் கேட்டார்கள்.

பட விளம்பரம்

பெங்களூராவுக்கு இது எடுபடவில்லை. கூழுக்குப் போகிற காயைப் பெயர் சொல்லி வீட்டுக்காரர்கள் எங்கே தேடப் போகிறார்கள்? என் அக்காள் மகன்தான் சொன்னான்: "மாமா, இத தேட மாட்டாங்க. பாத்தா நாக்குல எச்சி ஊறும். படம் போடுங்க." மெரினாவில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கும் கிளிமூக்கு மாங்காயைத் தெரியாத சென்னைக்காரர் உண்டா? அப்படியே கீறித் தூவி, எங்கள் தோப்புத் திண்ணையில் வைத்துப் படம் எடுத்தோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில், தட்டினால் வாட்ஸ்அப்பில் பேசும்படி கொடுத்தோம்.

இதன் குணம் வேறு. இங்கே பெரும்பாலும் எத்தனை தடவை காட்டப்பட்டதோ அதற்குத்தான் காசு. யாரும் தட்டாவிட்டாலும் பணம் போகும். "ரேட்?" என்று கேட்டுவிட்டு மறைகிறவர்கள் அதிகம். அதனால் விலை, எடை, அனுப்பும் ஊர் மூன்றையும் படத்திலேயே எழுதினோம். வெறும் விசாரிப்பு பாதியாகக் குறைந்தது. வாங்கியவர்களில் சிலர் தங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட, அடுத்த பெட்டிகள் விளம்பரம் இல்லாமலே போயின.

அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கும் இதையே சொல்வேன். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த கத்தரி அது. ஆனாலும் வெளியூரில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. காம்பில் உள்ள முள் தெரிகிற மாதிரி ஒரு படம் போட்டால், "இது என்ன கத்தரி?" என்று கேட்பார்கள்.

படமும் ஒரு வாக்குதான்

நெட்டில் கிடைக்கும் பளபளப்பான படத்தை எடுத்துப் போடாதீர்கள். பங்கனப்பள்ளியை முற்றிய காயாகத்தான் அனுப்புகிறோம். வழியிலும் வீட்டிலும் பழுக்கும். படத்தில் தங்க நிறம், பெட்டியைத் திறந்தால் பச்சை என்றால், வாங்கியவர் ஏமாந்ததாகத்தான் நினைப்பார். நாங்கள் இரண்டு படம் போடுகிறோம்: பெட்டி வரும்போது இப்படி, வைக்கோலில் வைத்துப் பழுத்த பிறகு இப்படி. கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை என்பதையும், நாங்கள் ஏன் காயாக அனுப்புகிறோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. படமும் விளம்பரம்தான்.

ஒரு பெட்டிக்கு என்ன ஆனது?

எந்த வகையானாலும் கடைசியில் பார்க்க வேண்டியது இதைத்தான். உதாரணத்துக்கு, 5 கிலோ பெட்டியில் எல்லாச் செலவும் போக 150 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு தட்டுக்கு 6 ரூபாய், 20 பேர் தட்டினால் ஒருவர் வாங்குகிறார். விளம்பரச் செலவு 120 ரூபாய். அதற்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 141 ரூபாய் 60 காசு. கையில் நிற்பது 8 ரூபாய் 40 காசு. இந்தக் கணக்கு போடாமல், "ஆயிரம் பேர் பார்த்தார்கள்" என்று மகிழ்ந்தால் நஷ்டம்தான்.

ஆகவே விளம்பரத்தில் தேடுவது முதல் பெட்டியை வாங்குகிறவரை மட்டும்தான். அவர் எண்ணை எழுதிவைத்து, அவர் சம்மதித்தால் அடுத்த பருவம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். அதற்குச் செலவில்லை. பருவம் தொடங்கும் முன் இரண்டு வகையிலும் சிறு தொகை போட்டு ஒரு வாரம் பாருங்கள். எந்தப் பக்கம் பெட்டிக்கான செலவு குறைகிறதோ, மீதிப் பணத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். எந்தக் காயையும் முழுக்க இதை நம்பி வைக்காதீர்கள். மண்டியில் பழகிய வியாபாரியும் வேண்டும்.