பத்துக்குப் பதினோரு அடியில் ஓர் ஒலிப்பதிவு அறை

"வீட்டிலேயே ஸ்டுடியோ கட்டிட்டீங்களாமே சார்?" என்று காலை நடையில் நண்பர்கள் கேட்கிறார்கள். கட்டவில்லை. மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனபின் சும்மா கிடந்த 10க்கு 11 அடி அறையைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். மைக்கைத் தவிரப் புதிதாக வாங்கியது மிகக் குறைவு. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் காரணம். எங்கள் தெருவில் பார்வையற்ற பெண் ஒருத்தி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டாள். 31 ஆண்டு தமிழாசிரியராக இருந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது? மாற்றுத்திறனாளிகளுக்காக லாப நோக்கமின்றி நூல்களை இப்படி மாற்றித் தர, 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமும் இடம் தருகிறது. முதல் பாடத்தைச் செல்போனில் வாசித்து அனுப்பினேன்.

"தாத்தா, கல்யாண மண்டபத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு. ல, ழ, ள எது எதுன்னு பிரிஞ்சு வரல" என்றாள்.

அவள் பாடத்தை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவள். பார்வையற்ற மாணவர்கள் பலருக்கு இது பழக்கம். நாம் நிதானமாகக் கேட்கும்போது தெரியாத எதிரொலி, அந்த வேகத்தில் ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலையில் ஏற்றிவிடும். குரூப் 4 பாடத்திட்டத்திலோ ஒலி வேறுபாடறிந்து பொருள் காண்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அறையைத் திருத்தாமல் வாசிப்பதில் பயனில்லை.

திருமலை நாயக்கர் மகாலில் கை தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓசை சுற்றிவிட்டுத்தான் அடங்கும். சின்ன அறையிலும் அதேதான் நடக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. ஐந்தடி தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப நூறில் ஒரு நொடிகூட ஆகாது. அதனால் தனியாகக் கேட்காமல் குரலோடு கலந்துவிடுகிறது. டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை என்று எல்லாமே திருப்பி அடிப்பவை.

இதற்கு மருந்து பஞ்சு. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை. ஓசை அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது. வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். ஒலியியல் இன்றும் பயன்படுத்தும் கணக்கு அதிலிருந்து பிறந்தது.

நம் வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறதே! மைக் என்னைப் பார்த்து நிற்கிறது. ஆகவே என் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான் அதிகம் கேட்கும். அங்கே கொக்கி அடித்து மெத்தையைத் தொங்கவிட்டேன், சுவரை ஒட்டாமல் நான்கு அங்குலம் தள்ளி. அந்த இடைவெளியால் மெத்தை இன்னும் நன்றாக வேலை செய்கிறது. பக்கச் சுவர்களில் இரண்டாக மடித்த ஜமுக்காளம். எதிர்ச் சுவரில் ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தக அலமாரி. தரையில் இன்னொரு ஜமுக்காளம்.

முட்டை அட்டை ஒட்டச் சொன்னவர்கள் உண்டு. அது கீச்சென்ற ஓசையைக் கொஞ்சம் குறைக்கும். ஆண் குரலின் அடிநாதத்தைத் தொடாது. அந்த அடிநாதம் நொடிக்கு 100 அதிர்வு என்றால் அதன் அலைநீளம் 11 அடி. என் அறையின் நீளமும் அதுதான்! அறைக்கு நடுவில் உட்கார்ந்தால் குடத்துக்குள் பேசுவதுபோல் குரல் வீங்கும். அதனால் மேசையை நடுவிலிருந்து விலக்கிப் போட்டேன். அடிநாதம் சேரும் மூலைகள் இரண்டில் பழைய மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினேன். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேராக வைத்தால் பகரம் ஒவ்வொன்றும் வெடிக்கும்.

ஒன்றை மட்டும் பஞ்சு செய்யாது. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்க, கனமான கதவும் அடைத்த இடுக்கும் வேண்டும். கதவு, ஜன்னல் ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறேன். இருந்தாலும் கூடல்நகரில் குடியிருந்துகொண்டு ரயிலைத் தடுக்க முடியுமா? விடிகாலை மூன்றரைக்கு எழுந்து, ரயில் இல்லாத இடைவெளிகளில் வாசிக்கிறேன். மின்விசிறி போட முடியாது. பனியன் நனைந்துவிடுகிறது. "ரிட்டயர் ஆனப்புறம்தான் இவருக்கு நைட் ஷிஃப்ட்" என்கிறாள் மனைவி.

புதிய பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அவள் சோதித்தாள். மரம் வெட்டும் வாளா, நாய் ஆட்டும் வாலா, நாம் வாழும் வாழ்வா என்று மூன்றையும் பிரித்துச் சொன்னாள். அப்புறம், "தாத்தா, 14ஆவது நிமிஷத்துல பக்கம் புரட்டுற சத்தம் கேக்குது" என்றாள். இப்போது தாள்களைப் பிரித்து மேசையில் பரப்பி வைத்துத்தான் வாசிக்கிறேன்.

எட்டாம் வகுப்புப் புத்தகம் முடிந்தது. இன்னும் இரண்டு இருக்கின்றன. சித்திரைத் திருவிழாவுக்குத் தெருவில் குழாய் ரேடியோ கட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும்.