நகராத பச்சைக் கோடுகள்



வீட்டிலுள்ள பழைய கொம்பியூட்டரைப் பார்த்து யாராவது "ஃபார்மட் பண்ணினால்தான் சரிவரும்" என்று சொன்னால், ஒரு நாள் பொறுங்கள். ஜெயபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களிடம் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பெட்டி. மகளின் பாடக் குறிப்புகளும், வஃபாத்தான என் உம்மாவின் பேச்சைப் பதிந்த ஒலிக் கோப்புகளும் அதில்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை. அந்தக் கவனயீனம் என்னுடையது.

பெட்டி மந்தமாகிவிட்டது. மகள் 'டிஃப்ராக்மென்ட்' ஓட்டினாள். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பு எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. காலி கண்ட இடமெல்லாம் துண்டு துண்டாக எழுதப்படும். அவற்றைத் தேடி ஓடுவதில் நேரம் போகிறது. துண்டுகளைச் சேர்த்து வைப்பதுதான் இந்த வேலை. எக்ஸ்பி காட்டும் படத்தில் சிதறியவை சிவப்பு, சேர்ந்தவை நீலம், காலியிடம் வெள்ளை, அசைக்க முடியாதவை பச்சை. எத்தனை முறை ஓட்டினாலும் பச்சைக் கோடுகள் நின்ற இடத்திலேயே நின்றன. விஷயம் தெரிந்தவர் என்று நாங்கள் நம்பிய ஒருவர், "டிஸ்க் பழுது, எல்லாவற்றையும் அழிக்க வேண்டும்" என்றார். மகள் அழுதுவிட்டாள்.

அது பழுதே அல்ல. சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது குசினியை ஒதுக்கிப் பாருங்கள். சட்டி, பானையை நகர்த்தலாம். எரிகிற அடுப்பை நகர்த்த முடியுமா? விண்டோஸ் தன் கையில் பிடித்திருக்கும் கோப்புகளே அந்தப் பச்சை. ராம் போதாதபோது உதவும் 'பேஜ் ஃபைல்' ஒன்று. 'ஹைபர்னேட்' செய்யும்போது ராமில் உள்ளதை எழுதிவைக்கும் கோப்பு இன்னொன்று. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேடு வேறொன்று.

முதலில் உம்மாவின் குரலை இரண்டு சீடிகளில் பதிந்தோம். பிறகு, தேவையற்றதை அழித்து 15 சதவீதத்துக்கு மேல் இடம் காலியாக்கினோம். எக்ஸ்பிக்கு அவ்வளவு வேண்டும். பவர் ஆப்ஷன்ஸில் ஹைபர்னேட்டை நிறுத்தினோம். 'வேர்ச்சுவல் மெமரி' என்ற இடத்தில் பேஜ் ஃபைல் வேண்டாம் என்று குறித்து, பெட்டியை மறுபடி இயக்கினோம். அடுப்பை அணைத்த மாதிரி! அந்த நேரத்தில் வேறு எதையும் திறக்கக் கூடாது. ராம் குறைந்த பெட்டி தடுமாறும். டிஃப்ராக்மென்ட் முடியும்வரை கரண்ட் போய்விடுமோ என்று லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் பேஜ் ஃபைலைத் திரும்ப அமைத்தோம். ஆகக் குறைந்த அளவும் கூடிய அளவும் ஒன்றாகவே கொடுத்தால், அது பிறகு வளர்ந்து சிதறாது.

இரண்டு பெரிய பச்சைக் கோடுகள் மறைந்தன. பதிவேட்டுக்குரியது மட்டும் நின்றது, அதைத் தொடவில்லை. பெட்டி புதிதாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், திறக்கும் நேரம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014இல் நின்றுவிட்டது. விண்டோஸ் 10, 11 இந்த வேலையைத் தாமாகவே செய்கின்றன. எஸ்எஸ்டி போட்ட மடிக்கணினி உங்களிடம் இருந்தால் இதை ஓட்டவே வேண்டாம். அதில் சுழலும் தட்டு இல்லை. வீணாக எழுதி எழுதி அதுதான் தேயும்.

அந்தச் சீடிகளில் ஒன்று இப்போது மகளிடம் இருக்கிறது.