விழுந்த வண்டி

உங்க ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கும்? சூட்கேஸ், பக்கெட், போன பேட்ச் சீனியர் விட்டுட்டுப் போன டிராஃப்டர். என் கட்டிலுக்கு அடியில் ஒரு சைக்கிள் ஃபிரேம் இருக்கு. சக்கரம் இல்லை, ஹேண்டில்பார் இல்லை. பிரேக் இல்லை, பிரேக் மாட்ட ஓட்டையும் இல்லை. ஜப்பான்ல வாங்கினது. ரூமுக்கு வர்றவங்க எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "மீதி எங்கடா?"

மீதி கிடையாது. வாங்கினதே இவ்வளவுதான்.

மூணாவது வருஷம் முடிந்த லீவில் எட்டு வாரம் ஜப்பானில் இன்டர்ன்ஷிப். கிட்டாக்யூஷு என்கிற ஊர். எங்க டிபார்ட்மென்ட்டில் ஜாப்பனீஸ் கிளாஸ் போனவர்களில் நாலு பேருக்குக் கிடைத்தது. நான் என்-5 பாஸ், அதாவது யு.கே.ஜி. லெவல். ஸ்டைபண்ட் உண்டு, ஆனால் ஃபிளைட் டிக்கெட் நம்ம பொறுப்பு. அதுக்கு அப்பா சொசைட்டியில் லோன் போட்டார். மாசம் 3,800 ரூபாய் கட்டணும். இதை இப்பவே சொல்லிடறேன், பின்னாடி வரும்.

லேபில் ஒரு சென்பாய் இருந்தார். சென்பாய்னா சீனியர். (நம்ம ஊர் சீனியர் மாதிரி இல்லை, டீ அவர் காசுல வாங்கித் தருவார்.) ஒரு சனிக்கிழமை என்னைக் கொக்குராவில் இருக்கிற மீடியா டோமுக்குக் கூட்டிட்டுப் போனார். கூரை போட்ட 400 மீட்டர் சைக்கிள் டிராக். அங்கே நடப்பது கெய்ரின்: சைக்கிள் ரேஸ்தான், ஆனால் குதிரை ரேஸ் மாதிரி ஜனங்க பணம் கட்டுவாங்க. உலகத்தின் முதல் கெய்ரின் 1948 நவம்பரில் இதே கொக்குராவில்தான் நடந்தது. போரில் நொறுங்கிப் போன ஊர்களைத் திரும்பக் கட்டக் காசு வேணும்னு, இதுக்காகவே சட்டம் போட்டு ஆரம்பிச்சாங்க. 2000 சிட்னியில் அது ஒலிம்பிக் விளையாட்டாவும் ஆயிடுச்சு.

ஒன்பது பேர் ஓட்டினாங்க. ஒண்ணாம் நம்பர் வெள்ளைச் சட்டை, ரெண்டு கறுப்பு, மூணு சிவப்பு, இப்படி ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு கலர். முன்னாடி ஒருத்தர் வேகத்தைப் பிடிச்சு வெச்சு ஓட்டறார், மத்தவங்க பின்னாடி ரயில் பெட்டி மாதிரி போறாங்க. நான் கொட்டாவி விட்டேன். ஒண்ணரை சுற்று பாக்கி இருக்கும்போது மணி அடிச்சாங்க. அதுக்கப்புறம் நான் கண் சிமிட்டலை. மணிக்கு எழுபது கிலோமீட்டர் பக்கம் வேகம், தோளால இடிக்கிறாங்க, ஒருத்தர்கிட்டயும் பிரேக் கிடையாது. ஃபிக்ஸட் கியர்னா சக்கரம் சுத்தற வரைக்கும் பெடலும் சுத்தும், காலைச் சும்மா வெக்க முடியாது. கடைசி வளைவில் ரெண்டு பேர் விழுந்தாங்க. அதில் ஒருத்தர் எழுந்து, சைக்கிளைத் தூக்கிட்டு, நடந்தே கோட்டைத் தாண்டினார்.

"அந்த சைக்கிளை என்ன பண்ணுவாங்க?"ன்னு கேட்டேன். சென்பாய் பதில் சொல்லாம போனை எடுத்து யாஹூ ஏலத்தைக் காட்டினார். பக்கம் பக்கமா கெய்ரின் ஃபிரேம்.

இந்த ஃபிரேம்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், இல்லேன்னா நான் ஏன் மயங்கினேன்னு உங்களுக்குப் புரியாது. பணம் கட்டற ஆட்டம் என்பதால், ஒருத்தர் சைக்கிள் இன்னொருத்தர் சைக்கிளை விட நவீனமா இருந்து ஜெயிக்கக் கூடாது. அதனால் ஃபிரேமிலிருந்து கிராங்க், ஹப் வரைக்கும் என்.ஜே.எஸ். என்கிற அங்கீகார முத்திரை வேணும். உலகமே கார்பனுக்குப் போன பிறகும் வழக்கமான ஆண்கள் ரேஸில் இன்னிக்கும் ஸ்டீல்தான். மெல்லிய குழாய்களை லக் என்கிற மூட்டுக்குள் செருகி, பிரேஸிங் பண்ணி, சின்னப் பட்டறைகளில் கையால செய்யறாங்க. 1977லிருந்து 1986 வரை தொடர்ந்து பத்து வருஷம் உலக ஸ்பிரிண்ட் பட்டம் வாங்கின கோயிச்சி நக்கானோவுக்கு ஃபிரேம் செய்து கொடுத்த யோஷியாக்கி நாகசாவா, இத்தாலிக்குப் போய் இந்தத் தொழிலைக் கத்துட்டு வந்தவர். டெய்லர்கிட்ட அளவு கொடுக்கிற மாதிரிதான் எல்லாமே: ஓட்டறவரோட கால், கை, முதுகு எல்லாம் பார்த்து மில்லிமீட்டர் கணக்கில் செய்யறது. டாப் டியூபில் அவர் பெயரையும் சின்னதா எழுதியிருப்பாங்க.

அப்படிச் செய்ததை அவங்க கொஞ்ச காலத்தில் வித்துடுவாங்க. ஜப்பானிலேயே வாங்க ஆள் கம்மி, ஏன்னா அங்கே ரோட்டில் ஓட்டணும்னா முன்னும் பின்னும் பிரேக் சட்டப்படி கட்டாயம். ஆனால் 2000களில் சான் ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க் பக்கம் ஃபிக்ஸட் கியர் பைத்தியம் பிடிச்சதும் இந்தப் பழைய ஃபிரேம்களுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்தது. அங்கே வாங்கி இங்கே விற்கிறதே ஒரு தொழிலாச்சு. பெங்களூரில் ஒரு ஃபிரேமுக்கு முப்பதாயிரம் கேட்கிறாங்கன்னு பார்த்ததும் என் மூளை என்ன கணக்குப் போட்டிருக்கும்னு உங்களுக்கே தெரியும். அப்பாவோட லோனில் நாலு தவணை.

நான் பிடிச்சது கருநீல ஃபிரேம். வெயிலில் வெச்சு எடுத்த படத்தில் உள்ளே வெள்ளித்தூள் மின்னியது. சீட் டியூப் 525, டாப் டியூப் 535. செய்தவர் பெயரைச் சொல்லலை, அவர் மேல ஒரு தப்பும் இல்லை. ஏலம் சென்பாய் அக்கவுன்ட்டில். அன்னிக்கு அவர் வெளியூர் கான்ஃபரன்ஸுக்குப் போயிருந்தார், "லிமிட் போட்டு வெச்சிருக்கேன்"னு ஒரு மெசேஜ் மட்டும். விளம்பரத்தில் இருந்ததை நானே ஆப்பில் போட்டுப் படிச்சேன். அளவு, முத்திரை, புகார் கிடையாது, திருப்பி எடுக்க மாட்டோம். நடுவில் ஒரு வரி மட்டும் விநோதமா வந்தது: 'கார் விழுந்த வரலாறு உண்டு.' மூல எழுத்தைப் பார்த்தேன். முதல் காஞ்சி 'விழு'. ரெண்டாவது 'குருமா', கார், அது எனக்கே தெரியும், என்-5ல வந்தது. ஆப் உளறுதுன்னு சிரிச்சு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து கிளாஸ் குரூப்பில் போட்டேன். பதினாலு பேர் சிரிச்சாங்க.

கூரியரோடு சேர்த்து 22,000 யென். அப்போதைய ரேட்டுக்கு 12,500 ரூபாய் பக்கம்.

சட்டை, துண்டு, லுங்கி எல்லாத்தையும் சுத்தி அட்டைப்பெட்டியில் வெச்சுக் கொண்டு வந்தேன். அம்மா பார்த்துட்டு, "இந்தக் கம்பிக்கா அவ்வளவு காசு?"ன்னு கேட்டாங்க. வித்துக் காட்டறேன்னு சொன்னேன். விளம்பரம் போட்ட நாலாவது நாள் பெங்களூரிலிருந்து ஒருத்தர் 30,000க்கு ஒத்துக்கிட்டு 5,000 அட்வான்ஸ் அனுப்பினார். ஹெட்செட் சேர்ந்து வருமான்னு கேட்டார். பெயிண்ட் ஒரிஜினல்தானேன்னு ரெண்டு தடவை கேட்டார். வேற எதுவும் கேட்கலை.

பேக் பண்றதுக்கு முன்னாடி ராத்திரி வாக்ஸ் போட்டுத் துடைச்சுட்டிருந்தேன். ஃபிரேமைத் தலைகீழா மடியில் வெச்சிருந்தேன். ஹாஸ்டல் டியூப்லைட் பளபளப்பான குழாய் மேல ஒரு வெள்ளைக் கோடா ஓடும் பாருங்க, அந்தக் கோடு டவுன் டியூபில், லக்குக்கு ரெண்டு விரல் தள்ளி, லேசா நெளிஞ்சுது. ஃபிரேமைத் திருப்பினேன், அதே இடத்தில் நெளிஞ்சுது. கட்டை விரலால் தடவினேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு விரலுக்குத் தெரிஞ்சுது.

படம் எடுத்து சென்பாய்க்கு அனுப்பினேன். அவர் அந்த விளம்பரத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்துட்டு ஒரே ஒரு சொல் அனுப்பினார்: ரக்குஷா. ரெண்டு காஞ்சியும் சேர்ந்தா அதுதான் சொல். அந்தக் 'குருமா' கார் இல்லை, வண்டி. ரேஸில் சைக்கிளிலிருந்து விழறதுக்குப் பேர் ரக்குஷா. வித்தவர் மறைக்கலை, தெளிவா எழுதியிருந்தார். அந்த விலைக்கு அது கிடைச்சதே அதனாலதான். நான் அந்த வரியைப் படிச்சுச் சிரிச்சிருக்கேன்.

முன்னாடி மோதினா ஃபோர்க் பின்பக்கம் தள்ளும், அதோட சேர்ந்து ஹெட் டியூபின் அடிப்பாகமும் பின்னால வரப் பார்க்கும். அந்த அழுத்தத்தை டவுன் டியூப் வாங்குது. இந்தக் குழாய்கள் எடையைக் குறைக்க நுனியில் தடிமனாவும் நடுவில் மெல்லிசாவும் இருக்கும், 0.9 மில்லிமீட்டர், 0.6 மாதிரி. தடிமன் குறைகிற அந்த இடத்தில்தான் மடங்கும். ஸ்டிரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல நாம வரைஞ்ச அதே படம். மேடு மட்டும்னா ஒரு மாதிரி. அடியில் விரிசல் இருந்தா, அது ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளரும். ஒருநாள் சிக்னலைத் தாண்டும்போது முன்பாதி தனியாப் போகும்.

"அவன் கேட்கலையே மச்சான்," என்றான் ரூம்மேட். உண்மைதான். கேட்கலை. ரெண்டு நாள் அந்த 'கேட்கலையே'வைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். படம் எடுக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து லைட் வந்தா மேடு தெரியாதுன்னு கூட எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொல்ல வெட்கமா இருக்கு, ரெண்டு படம் அப்படி எடுத்தும் வெச்சிருந்தேன்.

மூணாவது நாள் மெட்டலர்ஜி லேபுக்குத் தூக்கிட்டுப் போனேன். டை பெனட்ரன்ட் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம், விரிசல் இல்லேன்னா நிம்மதியா வித்துடலாம்னு கணக்கு. லேப் அண்ணன் ஃபிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, பெயிண்ட் மேல அடிச்சா பெயிண்ட்ல இருக்கிற கீறல்தான் தெரியும். இரும்பைப் பார்க்கணும்னா இதை எடுக்கணும்."

அங்கேதான் மாட்டினேன். அந்த நீலத்துக்குத்தான் முப்பதாயிரம். உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னா விலையைச் சுரண்டி எடுக்கணும். சுரண்டாம அனுப்பினா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கலாம். அது பொய்யும் இல்லை.

அண்ணன் டீ குடிக்கப் போய் வர்ற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பெயிண்ட் ரிமூவர் கேட்டேன். ரெண்டு விரல் அகலத்துக்கு நீலம் தோல் மாதிரி உரிஞ்சு வந்தது. சிவப்புச் சாயம் அடிச்சு, பத்து நிமிஷம் விட்டு, துடைச்சு, வெள்ளை டெவலப்பர் அடிச்சோம். பதிமூணு மார்க்குக்கு எழுதினதை முதல் தடவை கண்ணால பார்க்கிறேன். முதலில் ஒண்ணுமில்லை. நான் சிரிக்க ஆரம்பிச்சேன். அப்புறம் லக் ஓரமா, வெள்ளைக்குள்ளிருந்து ரத்தம் கசியற மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது. ஸ்கேல் வெச்சு அளந்தோம், பதினொரு மில்லிமீட்டர்.

சாயங்காலம் பெங்களூருக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன், அந்த ரெண்டு படத்தைத் தவிர. அவர் கொஞ்ச நேரம் பேசலை.

"ப்ரோ, நான் ஓட்டறதுக்கு வாங்கலை. எங்க கஃபே சுவத்துல மாட்டறதுக்கு. சுரண்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவரும் என்கிட்ட கேட்கலை, நானும் அவர்கிட்ட கேட்கலை. அன்னிக்கு ராத்திரியே அட்வான்ஸைத் திருப்பி அனுப்பினேன். அவர் மேல கோபம் வந்தது, என்னன்னு தெரியாமலே. கஃபேக்கள் மூடும், சுவரில் மாட்டினதை யாராவது கழட்டி விப்பாங்க, அதை வாங்கினவன் சக்கரம் மாட்டுவான்னு மனசுக்குள்ள பதில் பேசிட்டே இருந்தேன். அப்பாகிட்ட "வரலை"ன்னு மட்டும் சொன்னேன். அவர் "சரி"ன்னார். அந்தச் 'சரி' எவ்வளவு நீளம்னு உங்களுக்குத் தெரியும்.

குழாயை மாத்திக் கொடுக்கிற ஆட்கள் இருக்காங்க, ஆனா அந்தச் செலவுக்கு இன்னொரு ஃபிரேமே வாங்கலாம். அதனால் விளம்பரத்தைத் திருத்தி எழுதினேன். முதல் வரி: 'ரேஸில் விழுந்தது. டவுன் டியூபில் விரிசல். ஓட்டாதீங்க.' முதல் படம் அந்தச் சிவப்புக் கோடு. விலை 6,000. தமிழ், இங்கிலீஷ் ரெண்டிலும் போட்டேன், யாரும் ஆப்பை நம்ப வேண்டாம்னு.

மூணு மாசத்தில் ஒரே ஒரு மெசேஜ் வந்திருக்கு.

"ப்ரோ, சக்கரம் நான் கொண்டு வர்றேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா?"