முதல் கியரும் இருபது வளைவுகளும்

சேலத்துக்குத் தெற்கே அரைமணி நேரப் பிரயாணத்தில் இருக்கிறது எங்கள் பனமரத்துப்பட்டி. பெயரில் பனைமரம் இருந்தாலும் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அரளிதான். விடிந்தும் விடியாததுமாகப் பெண்கள் தோட்டத்தில் இறங்கி மொட்டு பறிப்பார்கள். அது மூட்டை மூட்டையாகச் சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போகும். பக்கத்திலேயே 2,000 ஏக்கருக்கு மேல் பரந்த பெரிய ஏரி. ஒரு காலத்தில் சேலம் பட்டணத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த ஏரி அது. பிற்பாடு தண்ணீர் வற்றி, சீமைக் கருவேலம் மண்டிப் போனது.

ஊரில் எங்கே நின்று பார்த்தாலும் கண்ணுக்கு ஏதாவது ஒரு மலை தெரியும். இந்தப் பக்கம் ஜருகுமலை, அந்தப் பக்கம் போதமலை, வடக்கே தூரத்தில் சேர்வராயன் மலை. ஆனால் நாங்கள் நடமாடுகிற இடம் என்னவோ சமவெளி. சமவெளியில் கார் ஓட்டுகிறவளுக்கு முதல் கியர் என்பது வாசல்படி மாதிரி. புறப்படும்போது ஒரு தடவை தாண்டுவோம். அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு என்று போய்விடுவோம். திரும்பிப் பார்ப்பதே இல்லை.

என் மாமியாருக்கு ஏற்காடு சேர்வராயன் கோயிலில் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது. என் கணவருக்கு வெளியூரில் வேலை. "ஏம்மா, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீதானே ஓட்டிக்கிட்டுப் போறே? மலைக்கும் நீயே ஓட்டிட்டா என்ன?" என்று அத்தையே கேட்டுவிட்டார். பெரியவர் ஒருவரையும் குழந்தைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டும் என்றால் சும்மாவா? நாமக்கல் பக்கம் முப்பது வருஷம் லாரி ஓட்டிய என் சித்தப்பாவிடம் ஒரு வாரம் பாடம் கேட்டுக்கொண்டேன்.

"கண்ணு, மலையில ஓட்டறது கையிலயும் இல்ல, காலுலயும் இல்ல. காதுல இருக்கு. வண்டி என்ன சொல்லுதுன்னு கேளு" என்றுதான் ஆரம்பித்தார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறும்போது நாம் என்ன செய்கிறோம்? எட்டி எட்டி வைக்காமல் ஒவ்வொரு படியாகச் சின்ன அடி வைத்து ஏறுகிறோம். காருக்கு முதல் கியர் அந்தச் சின்ன அடிதான். எங்களுடையதைப் போன்ற சிறிய காரில், முதல் கியரில் எஞ்சின் சுமார் 14 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இரண்டாவது கியரில் எட்டுச் சுற்றே போதும். சுற்று அதிகமானால் வேகம் குறையும், இழுக்கிற பலம் கூடும்.

ஏற்றத்தில் காரின் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கியரில் அப்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்றுத்தான் சுற்றும். சும்மா நிற்கிற வண்டியின் சுற்று அது. அதை வைத்துக்கொண்டு மலை ஏற முடியுமா? 'தடதட'வென்று உடம்பைக் குலுக்கும். ஆக்ஸிலரேட்டரை அமுக்கினாலும் முனகுமே தவிர நகராது. அந்த வேகத்திலேயே முதல் கியருக்கு மாற்றினால் 1,400 சுற்று. வண்டிக்கு மூச்சு வந்துவிடும்.

அதற்காக எந்த வேகத்திலும் முதல் கியரைப் போட்டுவிடலாமா என்றால், கூடவே கூடாது! 40 கிலோமீட்டர் வேகத்தில் போட்டால் எஞ்சின் ஒரேயடியாக 5,000 சுற்றுக்கு மேல் எகிறும். சக்கரம் வழுக்கலாம், கிளட்ச், கியர் பெட்டி எல்லாம் அடி வாங்கும். முதலில் பிரேக், பிறகுதான் கியர். மனுஷன் நடக்கிற வேகத்துக்கு வண்டி வந்த பிறகு கிளட்ச்சை முழுக்க மிதித்து மாற்றவேண்டும்.

"அந்தக் காலத்து வண்டியில இதுக்கே தனி வித்தை வேணும்" என்று சித்தப்பா சிரித்தார். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கூடவே நாலு எட்டு ஓடி, பஸ்ஸின் வேகத்துக்கு வந்த பிறகு காலை வைப்பார்கள் இல்லையா? கியர் பெட்டிக்குள் சுற்றுகிற பற்களும் அப்படித்தான். இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் சத்தமில்லாமல் சேரும். அப்படி வேகத்தைச் சமப்படுத்தி வைக்கிற 'சின்க்ரோமெஷ்' என்ற அமைப்பை 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் கொண்டுவந்தார்கள். ஆனாலும் நம் ஊர் அம்பாசிடர், பத்மினி போன்ற பழைய வண்டிகளில் முதல் கியருக்கு அந்த வசதி கிடையாது. கிளட்ச்சை ஒரு தடவை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தட்டி, மறுபடியும் கிளட்ச்சை மிதித்துப் போடவேண்டும். இல்லையென்றால் அம்மியைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம்! இன்றைய கார்களில் முதல் கியருக்கும் சின்க்ரோமெஷ் உண்டு. அப்படியும் வண்டி வேகமாக ஓடும்போது லீவர் முரண்டு பிடிக்கும். பலவந்தமாகத் தள்ளக் கூடாது. 'இன்னும் வேகத்தைக் குறை' என்று அது சொல்கிறது என்று அர்த்தம்.

இத்தனையும் கேட்டுக்கொண்டு ஒரு புதன்கிழமை காலையில் புறப்பட்டோம். சனி, ஞாயிறு என்றால் மலைப்பாதையில் கூட்டம் நெருக்கும். குழந்தைகளுக்கு ஆளுக்கு இரண்டு இட்லி மட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டால் வளைவில் வாந்தி நிச்சயம். புத்தகம், செல்போன் எதையும் குனிந்து பார்க்காமல் நேரே ரோட்டைப் பார்க்கச் சொன்னேன். அத்தை முன் சீட்டில்.

சேலம் தாண்டி அடிவாரம் வந்ததும் காற்றே மாறிவிடுகிறது. ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி உயரம். மூங்கிலும் மரங்களுமாகப் பாதை மேலே மேலே சுற்றிக்கொண்டு போகிறது. வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை. குழந்தைகள் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வந்தார்கள். பாதி வளைவுகளை இரண்டாவது கியரிலேயே தாண்டிவிட்டோம்.

அதற்கு மேலே ஒரு வளைவில்தான் சோதனை வந்தது. எனக்கு முன்னால் ஒரு வேன். மேலிருந்து ஒரு பஸ் வளைவை அடைத்துக்கொண்டு திரும்புகிறது. ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழி விடவேண்டும் என்பது சாலை விதி. ஆனால் வளைவுக்குள் வந்துவிட்ட பஸ்ஸிடம் விதி பேச முடியுமா? வேன் மெதுவாக ஊர்ந்தது. என் கார் தடதடத்தது. "என்னம்மா, வண்டி பின்னால போயிடுமா?" என்று அத்தை கதவைப் பிடித்துக்கொண்டார்.

சித்தப்பா சொன்ன 'காது' அப்போதுதான் கைகொடுத்தது. வேனுக்கும் எனக்கும் நடுவே ஒரு கார் நீளம் இடைவெளி விட்டிருந்தேன். வேகம் நடை வேகத்துக்கு வந்ததும், கிளட்ச்சை அடிவரை மிதித்து லீவரை இரண்டிலிருந்து முன்னால் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி விழுந்தது! கிளட்ச்சை நிதானமாக விட்டேன். குலுக்கல் நின்றது, ஒரே சீரான உறுமலோடு கார் வளைவை ஏறித் திரும்பியது. அத்தை கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு, "பரவாயில்லையே!" என்றார். மாமியார் வாயால் அந்த ஒரு வார்த்தை வாங்குவது சாமானியமா, சொல்லுங்கள்!

சேர்வராயன் கோயில் மலை உச்சியில், குகைக்குள் இருக்கிறது. குனிந்து உள்ளே போனால் ஒரு குளிர்ச்சி. அத்தை கண் மூடி நின்ற நிம்மதியைப் பார்த்தபோது, ஒரு வாரப் பாடமும் வீண் போகவில்லை என்று தோன்றியது.

இறங்கும்போதுதான் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது லாரிக்காரர்களின் பழைய விதி. சரிவில் சின்ன கியர் போட்டுக் காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, கருகிய வாசனை வந்து, பிடிமானம் குறைந்துபோகும். பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி நியூட்ரலில் உருட்டுவதோ, எஞ்சினை அணைப்பதோ மகா ஆபத்து. எஞ்சின் அணைந்தால் பிரேக் மிதிக்கக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

மலைக்குப் போக நினைக்கும் சகோதரிகள் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

கியரை வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். வளைவுக்குள் இரண்டு கையும் ஸ்டியரிங்குக்கு வேண்டும்.

வண்டி தடதடத்தால் ஆக்ஸிலரேட்டரை அமுக்காதீர்கள், கியரைக் குறையுங்கள்.

ஏற்றத்தில் முழுக்க நின்றுவிட்டால் கைப் பிரேக்கைப் போடுங்கள். முதல் கியரில் கிளட்ச் பிடித்து, வண்டியின் மூக்கு லேசாக எழும்பிய பிறகு கைப் பிரேக்கை விடுங்கள்.

கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். கிளட்ச்சும் தேயும், முழங்காலும் வலிக்கும்.

முன் வண்டியோடு ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த இடைவெளிதான் உங்களுக்கு யோசிக்கக் கிடைக்கிற நேரம்.

இதற்கெல்லாம் மலைக்குத்தான் போய்ப் பழகவேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரிலும் நடமாட்டம் குறைந்த ஒரு சின்ன மேடு இருக்கும். விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு இருபது தடவை மாற்றிப் பாருங்கள். கை பழகிவிட்டால் மனசில் பயம் தங்காது. அப்புறம் வீட்டுப் பெரியவர்களின் வேண்டுதல் எந்த மலையில் இருந்தாலும், "யார் கூட்டிட்டுப் போவாங்க?" என்று அவர்கள் யார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.