கப்பலில் வந்தவர்கள் ஆடிய பந்து

மெல்பர்ன் நகருக்கு என்றாவது நீங்கள் போக நேர்ந்தால், ஒரு மாலைப் பொழுதை எனக்காக ஒதுக்கி வையுங்கள். நகரின் நடுவிலிருந்து செயின்ட் கில்டா போகிற 96-ஆம் எண் டிராமில் ஏறுங்கள். மிடில் பார்க் நிறுத்தத்தில் இறங்கி, பழைய வீடுகள் நிற்கிற தெருக்கள் வழியாக ஏரியை நோக்கி நடங்கள். ஆல்பர்ட் பார்க் ஏரி அது. கரையில் கருப்பு அன்னங்கள் மேயும். ஏரியோரமாகவே போனால் லேக்சைட் விளையாட்டரங்கம் வந்துவிடும்.

மகளைப் பார்க்கப் போயிருந்தபோது நான் அப்படித்தான் போனேன். "அப்பா, இங்கே எல்லாரும் கையால் பிடிக்கிற பந்துதான் பார்ப்பாங்க. நீங்க சொல்ற காற்பந்துக்கு யார் போறது?" என்று அவள் சிரித்தாள். அவள் சொன்னதில் தவறில்லை. முட்டை வடிவப் பந்தை உதைத்தும் குத்தியும் பிடித்தும் ஆடுகிற ஆட்டம்தான் அந்த ஊரின் மதம். அதற்குப் பெரிய திடலில் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். நான் போன திடலிலோ சில நூறு பேர்தான் இருப்பார்கள். ஆனால் வாசலிலேயே இறைச்சி சுடுகிற வாசனை வந்தது. சுவ்லாக்கி என்கிறார்கள். நம் சாத்தேக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலமும் வெள்ளையுமாகத் துண்டு போட்ட கிழவர்கள் கிரேக்க மொழியில் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் திட்டுவது புரிந்தது. நம் தோட்டத்துத் திடலில் கேட்காததா?

இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதைக் கேளுங்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஆஸ்திரேலியாவுக்கு ஆள் தேவைப்பட்டது. தொழிற்சாலைக்கும் அணைக்கட்டுக்கும் ரயில் பாதைக்கும் கை வேண்டும். 1947 முதல் ஐரோப்பாவின் அகதி முகாம்களிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டு வந்தார்கள். இரண்டு வருடம் அரசாங்கம் சொல்லுகிற இடத்தில், சொல்லுகிற வேலையைச் செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு உங்கள் பாட்டனார் நினைவுக்கு வந்திருப்பார். எனக்கும் வந்தார். பிறகு 1951-இல் இத்தாலியுடனும் 1952-இல் கிரேக்கத்துடனும் உடன்பாடு செய்துகொண்டு அங்கிருந்தும் ஆள் எடுத்தார்கள். விக்டோரியா மாநிலத்தின் எல்லையோரம் பொனகில்லா என்றொரு பழைய இராணுவ முகாம். தகரக் கொட்டகைகள். 1947-இலிருந்து 1971 வரை 300,000க்கும் மேற்பட்டோர் அந்த முகாமைக் கடந்துதான் உள்ளே போனார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த நாளில் நீங்களோ நானோ போயிருந்தால் குடியேற விட்டிருக்க மாட்டார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்ற கொள்கை 1973-இல்தான் முற்றிலும் கைவிடப்பட்டது. ஐரோப்பியர் என்பதால் உள்ளே வந்தவர்களையும் உள்ளூர்க்காரர்கள் சமமாக நடத்திவிடவில்லை. தெருவில் சொந்த மொழி பேசினால் முறைப்பார்கள். பூண்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துவார்கள். 'வாக்' என்று ஓர் இழிசொல்லால் அழைத்தார்கள். அவர்கள் ஆடிய காற்பந்துக்கும் அந்தச் சொல்லையே சேர்த்து, 'வாக்பால்' என்று பெயர் வைத்தார்கள்.

வாரம் முழுவதும் இயந்திரத்தின் முன் நின்றவனுக்கு வார இறுதியில் என்ன இருக்கிறது? பேச மொழி இல்லை. போக உறவு இல்லை. பந்து ஒன்றுக்குத்தான் இலக்கணம் தேவையில்லை. ஆகவே ஆளுக்கொரு சங்கம் தோன்றியது. மெல்பர்னில் மால்டாக்காரர்கள் ஜார்ஜ் கிராஸ், இத்தாலியர்கள் யுவென்டஸ், போலந்துக்காரர்கள் போலோனியா, செக் நாட்டவர் ஸ்லாவியா, யூகோஸ்லாவியர் ஜஸ்ட், குரோஷியர் குரோஷியா என்று அணி கட்டினார்கள். கிரேக்கர்கள் 1959-இல் உள்ளூர் அணி ஒன்றோடு இணைந்து சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸ் ஆனார்கள். ஹெல்லாஸ் என்றால் அவர்கள் மொழியில் தாய்நாட்டின் பெயர். இன்று வந்து இறங்கியவனுக்கு வேலை எங்கே கிடைக்கும், வாடகைக்கு அறை யாரிடம் இருக்கிறது, எந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது என்பதெல்லாம் பந்து ஆடும் திடலில்தான் தெரியவரும். நமக்குப் பெரட்டுக் களமும் கோயில் திடலும் இருந்தது போல என்று சொல்லலாம்.

உள்ளூர் லீக்குகளில் அதுவரை பிரிட்டிஷ் வழிவந்தவர்களின் அணிகள்தாம் முன்னே நின்றன. பத்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1950களில் விக்டோரியாவில் யுவென்டஸ் அணி திரும்பத் திரும்ப வெற்றி பெற்றது. 1963-இல் ஆஸ்திரேலியக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு அணிகளும் குடியேறியவர்களுடையவை. போலோனியாவை வென்று ஸ்லாவியா கிண்ணத்தைத் தூக்கியது.

கதவு தானாகத் திறந்ததா என்றால், இல்லை. சிட்னியில் யூதர்களின் ஹகோவா அணி 1956-இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றது. முறைப்படி மேல் பிரிவுக்கு ஏற்றியிருக்க வேண்டும். பழைய சங்கத்தார் ஏற்றவில்லை. ஹகோவாவும் மற்றக் குடியேறியவர்களின் அணிகளும் 1957-இல் தனிக் கூட்டமைப்பு அமைத்துக்கொண்டு வெளியேறின. நல்ல ஆட்டமும் கூட்டமும் அவர்கள் பக்கமே போய்ச் சேர்ந்தன. இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் கிளம்பியது. எங்கள் தோட்டத்து அணியை, 'காலணி இல்லாதவர்கள்' என்று சொல்லி, பட்டணத்து லீக்கில் சேர்க்க மறுத்தார்கள். நாங்கள் காலணிக்குப் பணம் சேர்த்து முடிப்பதற்குள் அந்த ஆண்டு ஆட்டங்கள் முடிந்துவிட்டன. வெளியேறித் தனிச் சங்கம் அமைக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குடியேறியவர்கள் மட்டும் தவறே செய்யாதவர்களா? அதுவும் இல்லை. ஆஸ்திரியாவிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களை, அவர்களுடைய பழைய கிளப்புகளுக்குப் பணம் கட்டாமலே இழுத்து வந்தார்கள். வியன்னா கிளப்புகள் முறையிட்டன. உலகக் காற்பந்துச் சம்மேளனம் 1960-இல் ஆஸ்திரேலியாவையே விலக்கி வைத்தது. பணத்தைக் கட்டி 1963-இல்தான் திரும்பச் சேர முடிந்தது. ஊர்ப் பகையையும் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். குரோஷியரும் செர்பியரும் மோதினால் திடலில் பந்தோடு கல்லும் பறக்கும் என்று பெயர் வாங்கினார்கள்.

ஆனால் 1974-ஐப் பாருங்கள். ஆஸ்திரேலியா முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டிக்குப் போனது. பயிற்சியாளர் ராலே ராசிச் யூகோஸ்லாவியாவில் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1962-இல் ஜஸ்ட் அணிக்கு ஆட மெல்பர்ன் வந்தவர். அணித்தலைவர் பீட்டர் வில்சன் இங்கிலாந்தில் பிறந்தவர். முன்னணியில் ஆடிய அட்டிலா அபோனி ஹங்கேரியில் பிறந்தவர். மேற்கு ஜெர்மனியிடமும் கிழக்கு ஜெர்மனியிடமும் தோற்றார்கள். சிலியுடன் கோல் இன்றிச் சமன் செய்தார்கள். 'வாக்பால்' என்று சொன்ன நாட்டின் கொடியை உலக மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் பலர் அந்த 'வாக்' திடல்களில் ஆடியவர்கள்தாம்.

1977-இல் தேசிய லீக் தொடங்கியபோது, ஊரின் பெயரை வைத்துக்கொள்ளுங்கள், பழைய நாட்டின் பெயர் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பின்னும் இந்தப் பெயர்ச் சண்டை ஓயவில்லை. 2004-இல் அந்த லீக்கே மூடப்பட்டது. 2005-இல் தொடங்கிய புதிய லீக்கில் ஹெல்லாஸ்காரர்களுக்கு இடம் இல்லை. நான்கு முறை தேசிய வெற்றியாளராக இருந்த கிளப், மாநில லீக்குக்கு இறங்கியது. 2014-இல் இனப்பெயரும் இனச்சின்னமும் புதிதாக வைக்கக்கூடாது என்று விதியே போட்டார்கள். 2019-இல் அதை நீக்கினார்கள். பெயரை எடுத்தால் பகை குறையும் என்று நினைத்தவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டைக் கட்டியவனின் பெயரைப் படலையிலிருந்து பிடுங்கி எறிவது எனக்கு ஒப்பவில்லை.

லேக்சைட் அரங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பழைய மிடில் பார்க் திடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். கார்ப் பந்தயத்துக்காக 1990களின் நடுவில் அதை இடித்துவிட்டார்கள். அந்தத் திடலில்தான் ஹங்கேரியின் மாவீரர் பெரென்ஸ் புஷ்காஷ் 1989 முதல் 1992 வரை இவர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தார். உலகமே கொண்டாடிய அந்த மனிதருக்கு ஆங்கிலம் வராது. ஏதென்ஸில் பயிற்சியாளராக இருந்ததால் கிரேக்கம் கொஞ்சம் வரும். அவருக்குக் காரோட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர் அணித்தலைவரான இளைஞர். ஐந்து வயதில் பெற்றோருடன் கிரேக்கத்திலிருந்து வந்த ஆஞ்ச் போஸ்டகோக்ளூ. பின்னாளில் அவரே பயிற்சியாளராகி, 2000 ஜனவரியில் இதே கிளப்பைப் பிரேசிலுக்குக் கொண்டுபோய், மரக்கானா திடலில் மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு எதிராக நிறுத்தினார். 0–2 என்று தோற்றார்கள். 2025-இல் டாட்டன்ஹாம் அணியோடு ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றை வென்றவரும் இவரே.

என் தோட்டத்துத் திடல் எங்கே என்று பெரியவர் கேட்டார். தோட்டத்தை விற்றார்கள், திடல் இருந்த இடத்தில் இப்போது கடைவீடுகள் என்றேன். கிண்ணங்கள் என்ன ஆயின என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. லயத்தை விட்டு வெளியேறியபோது அந்தப் பெட்டியை யார் எடுத்துப் போனார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அவர் எழுந்து, கையைப் பிடித்து என்னை உள்ளே கூட்டிப் போய், கண்ணாடிப் பெட்டியில் இருந்த தங்கள் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தேன். நீலச் சட்டை போட்ட ஆப்பிரிக்கப் பையன்கள் சுவரோரம் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்போது கப்பலுக்குப் பதில் விமானம். கென்யாவின் அகதி முகாமில் பிறந்த தெற்குச் சூடான் பிள்ளை அவெர் மாபில் 2022-இல் பெரு நாட்டுக்கு எதிராகப் பெனால்டி அடித்ததில் ஆஸ்திரேலியா உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற உதவினாரே, அவருடைய படத்தை ஒரு பையன் தன் பையில் ஒட்டியிருந்தான். பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. திருப்பி உதைத்தேன். பந்தைவிட என் செருப்புதான் தூரம் போனது. பையன் ஓடிப்போய் எடுத்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினான்.